றிப்னாவின் சைக்கிளுக்குப் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்

1

இந்தக் கதை என் மனதில் தானாக ஊறி வந்ததல்ல. கேட்டு வாங்கப்பட்டது. பிறகு யாராவது சொல்லி நீங்கள் அறிவதைவிட நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது.

பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருக்கும் ஜுனைட் ஒரு மாலை தொலைபேசியில் வந்தார். மாணவர்கள் ஏன் நடந்தோ சைக்கிளிலோ பல்கலைக்கழகத்துக்கு வருவதில்லை என்பதைப் பற்றி ஒருநாள் கருத்தரங்கு வைக்கிறார்களாம். ஆய்வுக் கட்டுரைகள் போதிய அளவு சேர்ந்துவிட்டனவாம். எல்லாமே வறட்டுக் கட்டுரைகளாக இருப்பதால், பகல் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சிறுகதை வாசித்தால் என்ன என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

"பத்து நிமிசம் போதும்," என்றார். "கடைசியில ஒரு நல்ல மெசேஜ் வரட்டும். சைக்கிள் ஓடுறது உடம்புக்கு நல்லம், சூழலுக்கு நல்லம், அந்த மாதிரி."

"தடை என்ன எண்டுதானே கருத்தரங்கு?"

"ஓம். தடைகள அடையாளம் கண்டுட்டம். வட்சப்ல அனுப்புறன், பாருங்க."

பார்த்தேன். வெயில், தூரம், வியர்வை, பஸ்களின் வேகம், தெருநாய், மாரிகால வெள்ளம், சைக்கிள் நிறுத்த இடமின்மை, பெண்களின் உடை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சதவீதம். மனிதர் ஒருவர்கூட அதில் இல்லை. வெயில் தடையாம், நாய் தடையாம். நாய் வந்து மறுப்புத் தெரிவிக்காது என்ற தைரியம்.

ஒத்துக்கொண்டேன். எங்கள் நிந்தவூர்ப் பகுதியில் எழுத்தாளனிடம் கதை கேட்பவர்கள் குறைவு, அதுவும் பகல் சாப்பாட்டோடு.

2

தொடக்கங்கள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன். கிழித்துப் போடவில்லை, இங்கேயே விட்டுவைக்கிறேன்.

"கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. நிந்தவூர் வயல்வெளியில் நெற்கதிர்களின் மேல் பனித்துளிகள் முத்துக்களாய்—"

இல்லை. முத்துப் பார்ப்பதற்காக அந்த வயல்வெளியில் யாரும் சைக்கிளை நிறுத்துவதில்லை. நிறுத்தினால் பின்னால் வரும் பஸ் முத்தை எண்ணவிடாது.

"நிந்தவூர் றிப்னாவும் காரைதீவு வினோஜாவும் இணைபிரியாத தோழிகள். ஒருத்திக்கு முக்காடு, மற்றவளுக்குப் பொட்டு. இரண்டு சைக்கிள்களும் ஒரே வீதியில் பக்கம் பக்கமாய்—"

இதை அரைப் பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்தது, அதனால்தான் பயந்தேன். இப்படியே போனால் இது இன நல்லுறவுக் கதையாகி, ஏதாவதொரு திணைக்களம் எனக்குச் சான்றிதழும் சுவர்க்கடிகாரமும் தந்துவிடும். தவிர, வினோஜா உண்மையிலேயே இருக்கிறாள். றிப்னாவின் வகுப்புத்தான். அவளை அவளுடைய அப்பா தினமும் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறார். சைக்கிளில் போகிறேன் என்று அவளும் ஒருமுறை கேட்டிருக்கிறாள். "ரோட்டு கிடக்கிற கிடையில உனக்குச் சைக்கிளா?" என்று கேட்டாராம் அப்பா. அத்துடன் அவளுடைய கதை முடிந்துவிட்டது. அவளை மரியாதையாக இங்கிருந்து அனுப்பிவைக்கிறேன்.

"றிப்னாவுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது."

இது போதும்.

3

றிப்னாவுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது.

எங்கள் வீட்டுப் பின்மதிலுக்கு அடுத்த வளவு அவர்களுடையது. றிப்னாவின் வாப்பா வயல் செய்தவர், ஏழெட்டு வருடங்களுக்கு முன் மௌத்தாகிவிட்டார். அவர் இறந்தபின் வீட்டில் சல்மா உம்மாவும் மகள் றிப்னாவும் மட்டும். ஸப்ரி என்று ஒரு மூத்த மகன் இருக்கிறான், றிப்னாவுக்குக் காக்கா, அவனைப் பற்றிப் பிறகு. எங்கள் பக்கத்தில் அண்ணனும் காக்காதான், வயதில் மூத்த ஆண்களும் காக்காதான். என்னை றிப்னா சித்தப்பா முறைவைத்துச் சாச்சா என்று கூப்பிடுவாள், என் மனைவி றுஸ்தாவைச் சாச்சி என்று. மாலையில் எங்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் வந்திருந்து றுஸ்தாவோடு கதைப்பது அவளுக்கு வழக்கம். அப்படித்தான் இந்தக் கதைக்குள் வந்தாள். நான் தேடிப் போகவில்லை.

அவளுடைய வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் ஆறேழு கிலோமீட்டர். இதைப் போலச் சனியன் பிடித்த தூரம் வேறில்லை. விடுதி கேட்டால் நீங்கள் பக்கத்து ஊர்தானே, தூர இடத்துப் பிள்ளைகளுக்கே கட்டில் போதவில்லை என்று பதில் வரும். நடந்து போனால் போய்ச் சேரும்போது பாதி வகுப்பு முடிந்திருக்கும். பஸ் இருக்கிறது. ஆனால் கல்முனையிலிருந்தே நிரம்பி வழிந்து வரும் பஸ், சீசன் டிக்கட்டோடு நிற்கும் பிள்ளைகளைத் தூரத்தில் கண்டதும் ஒரு மிதி கூடுதலாக மிதித்துக்கொண்டு போகும். சாறன் கட்டிய ஒரு பெரியவர் கையைக் காட்டினால் நிற்கும். அவர் முழுக் காசு கொடுப்பவர்.

அவளுக்கு வாரத்தில் பல நாட்கள் காலை எட்டு மணிக்குச் செய்முறை வகுப்பு. சிறிது நேரம் பார்த்துவிட்டு ஆய்வுகூடக் கதவைச் சாத்திவிடுவார்கள். நூற்றுக்கு எண்பது வரவு இல்லையென்றால் பரீட்சை எழுத முடியாது. அந்த வருடத்தைத் திரும்பவும் படிக்க வேண்டும்.

இந்தக் கதையில் பணயம் வைக்கப்பட்டிருப்பது அவ்வளவுதான். காதல் இல்லை, புரட்சி இல்லை. ஒரு பெண்பிள்ளை எட்டு மணிக்கு ஒரு கதவுக்குள் நுழைய வேண்டும்.

முதல் மாதத்திலேயே பஸ் அவளைப் பல நாள் தெருவில் விட்டுவிட்டுப் போனது. ஒருநாள் அவள் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படித்த காலத்தில் ஓடிய சைக்கிளைத் தூசு தட்டி, ட்யூப் மாற்றி, காற்றடித்து வைத்தாள்.

[இந்த இடத்தில் ஒரு அடிக்குறிப்புத் தேவை. எங்கள் ஊர்களில் பெண்பிள்ளைகள் சைக்கிள் ஓடுவது புதினமல்ல. காலை ஏழு மணிக்குப் பாருங்கள், வெள்ளைச் சீருடையில் வரிசை வரிசையாகப் போவார்கள். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வெள்ளைச் சீருடை ஒரு அனுமதிப்பத்திரம் மாதிரி. அதே பிள்ளை, அதே சைக்கிளில், இரண்டு வருடம் கழித்துக் கறுப்பு அபாயா அங்கியோடு போனால் வீதி முழுக்கக் கண் முளைத்துவிடும். இந்த இரண்டு வருடத்தில் சைக்கிளுக்கு என்ன நடந்தது என்று ஆய்வாளர்கள்தான் சொல்ல வேண்டும்.]

ஜுனைட் அனுப்பிய தடைகள் ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. வெயில் ஏறுமுன் புறப்பட்டாள். அபாயாவின் கீழ் விளிம்பைத் தலைமுடிப் பட்டியால் கணுக்காலோடு சேர்த்துக் கட்டினாள், செயினுக்கு மூடி போட்டாள். வியர்வைக்குப் பையில் இன்னொரு முக்காடு. வயல்வெளி நாய்களுக்கு ஒரு பிஸ்கட் பைக்கற்று. இரண்டு நாளில் அவை வாலாட்டிக்கொண்டு வழியனுப்ப வந்தன. கச்சான் காற்று மேற்கிலிருந்து அடித்து ஆளைச் சரிக்கும் காலத்தில் குனிந்து மிதித்தாள். "காத்துத்தானே சாச்சி, கதைக்கவா போகுது," என்றாள் றுஸ்தாவிடம்.

வகுப்புக் கதவு சாத்துமுன் தினமும் உள்ளே போனாள். கருத்தரங்கு வைக்கிறவர்கள் இந்தப் பந்தியோடு எழுந்து சாப்பிடப் போகலாம்.

4

முதல் வரைவில் ஸப்ரியைத் தங்கையின் சைக்கிளைப் பிடுங்கும் தமையனாக எழுதியிருந்தேன். கதைக்கு ஒரு கெட்டவன் வேண்டியிருந்தது. கட்டாரில் உழைத்துவிட்டு வந்த தாடிக்காரத் தமையன் அதற்குத் தோதாக அமைந்தான். "சைக்கிளின் ஹேண்டிலைப் பற்றிய ஸப்ரியின் விரல்கள் இறுகின. 'இனி இந்தச் சைக்கிள் வாசலைத் தாண்டினால்—'" என்று எழுதிவிட்டுக் குசினி மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். றிப்னா எடுத்து வாசித்திருக்கிறாள்.

நான் உள்ளே வந்தபோது அவளுடைய முகம் சரியில்லை.

"சாச்சா, காக்காவ ஏன் இப்பிடி எழுதியிருக்கிங்க?"

"கதை புள்ள. ஆராவது ஒராள் தடுக்கத்தானே வேணும்."

"காக்கா தடுக்கல்லயே. அவரு செஞ்சத எழுதுங்களன்."

"அவன் செஞ்சதாலதானே இவ்வளவும் வந்த," என்றாள் றுஸ்தா, தேங்காய் துருவுவதை நிறுத்தாமல்.

"அது வேற சாச்சி. காக்கா நல்லதுக்குத்தான் செஞ்ச."

"நல்லவனா இரிந்துக்கிட்டும் கெடுக்கலாம். அதத்தான் உங்கட சாச்சாக்கு எழுதத் தெரியா."

எனக்குச் சுருக்கென்றது. எழுதிய பக்கத்தை மடித்து அடுப்படியில் வைத்தேன். பிறகு அதில் றுஸ்தா மீன் பொரியலின் எண்ணெய் வடித்தாள். நல்ல கெட்டவன் ஒருவன் அப்படிப் போனான்.

5

நடந்ததை எழுதுகிறேன்.

வாப்பா மௌத்தானபோது ஸப்ரிக்குப் பத்தொன்பது வயது. தங்கைக்கு வீடு கட்ட வேண்டும் என்று கட்டாருக்கு வேலைக்குப் போனான். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். பெண்ணுக்கு வீடு இல்லையென்றால் கல்யாணப் பேச்சு வாசலுக்கே வராது. ஆறு வருடம் வெயிலில் நின்று சுவரும் கூரையும் அனுப்பினான். பூச்சு வேலை மிச்சமிருக்கும்போதே திரும்பி வந்தான். வந்த வேகத்தில் மருதமுனையில் அவனுக்குக் கல்யாணம். வழக்கப்படி அங்கே போய்விட்டான். ஊரைவிட்டுப் போகும்போது மீசை முளைக்காத ஒல்லிப் பையன், திரும்பி வந்தது தாடி வைத்த பருத்த ஆள். அந்தப் புதிய ஆளை நிந்தவூர் சரியாகப் பார்க்குமுன்னே அவன் வேறு ஊர் மருமகன். வெள்ளிக்கிழமைகளில் மாமனாரின் ஓட்டோவில் மனைவியோடு வந்து, உம்மாவிடம் சாப்பிட்டுவிட்டுப் போவான். பிறந்த வீட்டுக்கு அவன் விருந்தாளி.

அவனுக்கு அக்கரைப்பற்றில் ஒரு உதிரிப்பாகக் கடையில் வேலை. தினமும் காலையில் மருதமுனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் எங்கள் ஊர் வழியாகத்தான் போவான்.

றிப்னா சைக்கிளில் போகத் தொடங்கிச் சில நாட்களில், வயல்வெளி நடுவில் இரண்டு பொடியன்கள் மோட்டார் சைக்கிளில் அவளுக்குப் பக்கத்தில் வந்து, வேகத்தைக் குறைத்து, கூடவே ஓடியிருக்கிறார்கள். ஒரு பாட்டின் ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடினார்களாம். தொடவில்லை. அவள் சைக்கிளை வீதியோரம் இறக்கி நின்றிருக்கிறாள். சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

உம்மாவிடம் சொன்னால் சைக்கிள் போய்விடும். காக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

"பயப்புடாம நீ ஓடு," என்றானாம் ஸப்ரி. "நான் புறத்தால வாறன்."

அடுத்த நாளிலிருந்து வந்தான். தங்கையோடு பக்கத்தில் போனால் காவல் போவதாகத் தெரியும், அது அவளுக்குக் குறைச்சல் என்று நினைத்தான். வீட்டு வாசலிலிருந்து கூட வந்தாலும் தெரு கேட்கும். ஆகவே ஊர் முடிகிற இடத்தில், மீராமுகைதீன் காக்காவின் தேநீர்க்கடைக்கு எதிரே, மர நிழலில் நிற்பான். ஹெல்மெட்டைக் கழற்றமாட்டான். கழற்றினால் கடையிலிருந்து யாராவது கூப்பிட்டு, யாருக்காக நிற்கிறாய் என்று கேட்பார்கள். தங்கைக்குக் காவல் நிற்கிறேன் என்று சொல்ல அவனுக்கு வெட்கம். றிப்னா கடந்து போவாள். கொஞ்ச தூரம் போகவிட்டு, அவன் மெதுவாகப் பின்னால் போவான். பல்கலைக்கழக வாசலில் அவள் திரும்பியதும் வேகம் எடுத்து அக்கரைப்பற்றுக்குப் போய்விடுவான்.

"அந்த மாசம் மாதிரி ஒரு மாசம் எனக்கு வந்ததில்ல சாச்சா," என்றாள் றிப்னா. "திரும்பிப் பாக்காமலே தெரியும், காக்காட பைக் சத்தம்."

அவளுக்குத் தெரிந்தது அந்தச் சத்தம். ஊருக்குத் தெரிந்தது வேறு.

6

இதற்கிடையில் சல்மா உம்மா றிப்னாவுக்குச் சம்மாந்துறையில் ஒரு மாப்பிள்ளை கேட்டிருந்தார். ஆசிரியர். படிப்பு முடிந்த பிறகுதான் கல்யாணம் என்று பேச்சு. எங்களில் பெண் வீட்டார்தான் போய்க் கேட்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் உடனே பதில் சொல்லமாட்டார்கள், முதலில் விசாரிப்பார்கள். விசாரிப்பு என்பது எங்கள் ஊர்களில் ஒரு கலை. முன்னறிவிப்பு இருக்காது. இரண்டு ஆண்கள் வந்து, பெண்ணின் தெருவிலோ ஊர் எல்லையிலோ ஒரு கடையில் தேத்தண்ணி குடிப்பார்கள். குடும்பம் எப்படி, பிள்ளை எப்படி என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அவர்கள் குடித்தது மீராமுகைதீன் காக்காவின் கடையில்.

மீராமுகைதீன் காக்காவைக் கெட்டவராக எழுத ஆசைதான். முடியவில்லை. ஐந்து நேரத் தொழுகைக்கும் பள்ளிக்குப் போகிறவர், பால் தேநீரில் தண்ணீர் கூட்டாதவர். ஒரு கல்யாணக் காரியத்தில் பொய் சொன்னால் மறுமையில் பதில் சொல்ல வேண்டும் என்று நம்புகிறவர்.

"குடும்பம் நல்ல குடும்பம்," என்று சொல்லியிருக்கிறார். "புள்ளையும் தங்கமான புள்ள. ஆனா மறைக்கக் கூடாதே. காலையில அந்தப் புள்ள சைக்கிள்ல போற நேரம் ஒரு ஆள் இந்தா இந்த மரத்தடியில பைக்க நிப்பாட்டிட்டு நிப்பான். ஹெல்மெட் கழட்டமாட்டான். தேத்தண்ணி குடிக்க வரமாட்டான். புள்ள போனா புறத்தால போவான். ஆர் எண்டு தெரியா. ஊரான் இல்ல."

ஊரான் இல்லை. அந்தப் பிள்ளையின் கூடப்பிறந்தவன், அந்த மண்ணில் பிறந்து பத்தொன்பது வயது வரை அந்த வீதியில் பந்தடித்தவன். அவனைத் தெரியாமல் போகும்படி எங்கள் வழக்கமே அவனை அனுப்பிவைத்தது. பிறகு அதே வழக்கம் அவனைப் பார்த்து ஆர் என்று கேட்டது.

எனக்கு இதில் சிரிப்பும் வருகிறது. எழுதும்போது சிரித்தேன். றுஸ்தா என்ன சிரிப்பு என்று கேட்டாள், சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

7

செய்தி சல்மா உம்மாவிடம் இரண்டாம் நாளே வந்துவிட்டது. நான் பின்மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். அழுகைச் சத்தம் கேட்டது, பிறகு றிப்னாவின் குரல். பிறகு சல்மா உம்மா சிரிக்கிற சத்தம். அது காக்காதானாம், ஸப்ரிதானாம் என்று மதிலுக்கு மேலால் றுஸ்தாவிடம் சொன்னார். "என்ட அல்லாஹ்வே, ஒரு நிமிசம் என்ட உசிர் போய் வந்த கா றுஸ்தா," என்றார்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். சாதாரண ஊராக இருந்தால் முடிந்திருக்கும்.

சம்மாந்துறைக்கு ஆள் அனுப்பி, அது பெண்ணின் சொந்தத் தமையன் என்று விளக்கம் சொன்னார்கள். மாப்பிள்ளையின் உம்மா மிகவும் சந்தோசப்பட்டாராம். பிறகு சொன்னாராம்: "நாங்க ஒண்டும் தப்பா நினைக்கல்ல. ஆனா கூடப் பொறந்தவனே காவல் போறானெண்டா, காவல் போகிறதுக்கு ஏதோ ஒண்டு இரிக்கத்தானே வேணும்."

கூடவே இதையும்: "படிப்புக்கு நாங்க தடையில்ல. தாராளமாப் படிக்கட்டும். சைக்கிள மட்டும் விட்டுடட்டும்."

[தடையில்லை. இந்தச் சொல்லைக் கவனியுங்கள். இதற்குப் பிறகு நான் கேட்ட எல்லாரும் இதையே சொன்னார்கள். மீராமுகைதீன் காக்கா சொன்னார்: "நான் என்ன தடுத்தா? கண்டதச் சொன்னன்." மருதமுனையில் ஸப்ரியின் மாமனார் சொன்னார்: "தங்கச்சியப் பாக்க வேணாமெண்டு நாங்க சொல்லல்ல. ஆனா மருமகன்ட பைக்கப் பத்தி ஊர் ஊராக் கதைக்கிற நேரம் எங்களுக்கும் ஒரு மரியாத இரிக்கே." ஸப்ரி அடுத்த நாளிலிருந்து வேறு நேரத்தில் வேலைக்குப் போகிறான். அவனும் றிப்னாவிடம் சொல்லியிருக்கிறான், நான் தடையில்லை என்று. ஜுனைட்டின் ஆய்வு சரியாகத்தான் இருக்கிறது. தடைகளில் மனிதர் யாரும் இல்லை.]

சல்மா உம்மா சைக்கிளை வீட்டுக்குள் எடுத்து வைத்தார். கத்தவில்லை, அடிக்கவில்லை. றிப்னா கெஞ்சியதையும் நான் கேட்டேன்.

"உம்மா, வரவு குறைஞ்சா சோதின எழுத ஏலாது. ஒரு வருசம் போகும்."

"ஒரு வருசம் போனா மறு வருசம் வரும் மகள். பேர் போனா வருமா?"

"நான் என்ன செஞ்ச?"

"நீ ஒண்டும் செய்யல்ல. அதுதான் எனக்கும் தெரியுமே."

எனக்கு இதை எழுதும்போது கோபம் வருகிறது. சல்மா உம்மாவில் கோபப்படத்தான் முடியவில்லை. புருசன் இல்லை, வீடு பூச்சுப் பூசவில்லை, மகன் வேறு வீட்டு மருமகன். அவரிடம் மிச்சமிருப்பது மகளின் பெயர் ஒன்றுதான். அதைத் தெருவில் விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்ல நான் யார். ஆனால் கோபம் எங்காவது போக வேண்டுமே. ஆகவே உங்களில் கோபப்படுகிறேன். நீங்கள் இவ்வளவு நேரம் வாசித்துவிட்டுச் சல்மா உம்மாவைக் குற்றம் சொல்லத் தயாராகிக்கொண்டிருக்கிறீர்கள்.

8

றிப்னா இப்போது பஸ்ஸுக்கு நிற்கிறாள். பஸ் சில நாள் நிற்கிறது, பல நாள் போகிறது. வரவு எண்பதை நெருங்கி இறங்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஓரிரு வகுப்புப் போனால் தீர்ந்தது.

கதைக்கு முடிவு வேண்டும். மூன்று எழுதினேன்.

முதலாவது ஜுனைட்டுக்கு. பல்கலைக்கழகம் ஒரு சைக்கிள் பாதை போடுகிறது. சல்மா உம்மா மனம் மாறி வாசலில் நின்று கையசைக்கிறார். பத்துப் பெண்கள் வரிசையாக—

றுஸ்தா வாசித்துவிட்டு, "இது ஆர்ட ஊர்?" என்றாள்.

இரண்டாவதில், விடியற்காலையில் றிப்னா யாருக்கும் தெரியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகிறாள். வயல்வெளியில் ஒரு நெல் லொறி. வீதியில் சிதறிய புத்தகங்கள், இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் சைக்கிள் சில்லு. எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. நல்ல முடிவு என்று நினைத்தேன்.

றிப்னா வாசித்தாள். நிதானமாகத் தாள்களை அடுக்கி வைத்தாள்.

"என்ன மௌத்தாக்கிடாதீங்க சாச்சா."

"கதையிலதானே."

"கதையில எண்டாலும் வேணாம். இதக் கேட்டா இருக்கிற புள்ளைகள்ட சைக்கிளையும் எடுத்து வெச்சிருவாங்க."

அந்த முடிவையும் அடித்தேன். என் கண்ணீர் எவ்வளவு மலிவானது என்று அப்போது தெரிந்தது.

மூன்றாவதில் அவளுக்குக் கல்யாணம் முடிகிறது. ஆசிரிய மாப்பிள்ளை அவளைத் தினமும் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறார். அவள் பின்னால் உட்கார்ந்து, தான் ஒருகாலத்தில் மிதித்துப் போன வீதியை—

"இது நடக்கும்," என்றாள் றுஸ்தா. "அதனாலதான் இது வேணாம்."

நான் பேனாவை வைத்துவிட்டு றிப்னாவையே கேட்டேன். "நீயே சொல்லு புள்ள. எந்த முடிவு வேணும் உனக்கு?"

"எனக்கு முடிவு வேணாம் சாச்சா. எனக்கு எட்டு மணிக்கு அங்க இரிக்கணும்."

9

இனி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்களே கேட்கலாமென்று காத்திருந்தேன், கேட்கவில்லை.

நானும் அக்கரைப்பற்றில்தான் வேலை செய்கிறேன். தினமும் காலையில் அந்த வீதியால்தான் மோட்டார் சைக்கிளில் போகிறேன். பின்னிருக்கை காலி. பஸ் தரிப்பிடத்தில் றிப்னா நிற்பதைத் தினமும் பார்க்கிறேன். நான் வருவது தெரிந்தால் அவள் தலையை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள். கோபத்தில் அல்ல. நான் நிறுத்திவிடக் கூடாது என்ற பயத்தில். சொந்தத் தமையன் பின்னால் போனதற்கே இவ்வளவு என்றால், மதிலுக்கு அடுத்த வீட்டுச் சாச்சா தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனால் ஊர் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வேகத்தைக் குறைக்காமல் போய்விடுகிறேன், பஸ்காரனைப் போல.

றுஸ்தா ஒரு வழி சொன்னாள். "நான் நடுவுல இரிக்கன். புள்ள புறத்தால இரிக்கட்டும்." மூன்று பேர் ஒரு மோட்டார் சைக்கிளில். ஊர் பேசாது, ஆனால் பொலிஸ் பிடிக்கும். எங்கள் நாட்டில் ஒரு பெண்பிள்ளை மானமாக வகுப்புக்குப் போக வேண்டுமென்றால் வீதிச் சட்டத்தை மீற வேண்டும்.

நேற்று ஜுனைட் மறுபடி தொலைபேசியில் வந்தார். கதை பற்றிச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"அந்தப் புள்ளையையும் கருத்தரங்குக்குக் கூட்டிட்டு வாங்களன்," என்றார். "மாணவர் குரல் எண்டு ஒரு அமர்வு போட்டிரிக்கம். ரெண்டு வார்த்த கதைக்கட்டும்."

"எத்தின மணிக்கு?"

"காலையில எட்டரைக்குத் தொடங்குது."

"எப்பிடிக் கூட்டிட்டு வாற?"

"உங்கட பைக்ல..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான். "என்ட கார்ல நான் வந்து... இல்ல, அதுவும் சரிவராது."

"அப்ப கதைய மட்டும் கொண்டு வாங்க," என்றார்.

10

ஆகவே இந்த முடிவை நான் எழுதப்போவதில்லை. உங்களிடம் தருகிறேன்.

நாளை காலை அவளுக்குச் செய்முறை வகுப்பு. நான் விட்ட இடம் இது: "தூரத்தில் பஸ் தெரிந்தது. றிப்னா சீசன் டிக்கட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டு கையைக் காட்டினாள். பஸ்—"

நிறுத்துங்கள், அல்லது போகவிடுங்கள். பஸ் வேண்டாமென்றால் வேறு வழியால் அவளைக் கொண்டுபோங்கள். நீங்கள் ஆணாக இருந்தால் உங்கள் வாகனத்தைக் கதைக்குள் கொண்டுவராதீர்கள். பெண்ணாக இருந்தால், உங்களை முதலில் அந்த வீதிக்கு யார் கொண்டுவந்து விடுவார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். யாரையும் சாகடிக்கக் கூடாது, யாரையும் கெட்டவராக்கவும் கூடாது. அவர்கள் யாரும் தடையில்லை என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். எட்டு மணிக்குள் அவள் அங்கே இருக்க வேண்டும். அடுத்த நாளும் இருக்க வேண்டும்.

சைக்கிள்தான் என்று முடிவெடுத்தால் அது எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். பூச்சுப் பூசாத அந்தப் புதிய வீட்டின் பின்னறையில், குத்தகைக்கு விட்ட வயலிலிருந்து வந்த இந்தப் போகத்து நெல் மூட்டைகளுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறது. றிப்னா ஒரு எட்டு எடுத்து வைத்தால் தொட்டுவிடலாம். அந்த அறைக்குச் சல்மா உம்மா பூட்டுப் போடவில்லை. கதவு திறந்தே கிடக்கிறது, அவளும் எடுக்கவில்லை.